கடல் கடந்த கட்டுமானமும் காவல் விதிகளும்

வானளாவிய மாளிகையொன்றையோ, கடலின்மேல் நீண்டு கிடக்கும் பாலமொன்றையோ காண்போர் அதன் உயரத்தை வியப்பர், அழகைப் புகழ்வர். அதனை எழுப்பிய தொழிலாளர் எத்தனை பேர், அவர்களுள் வீடு திரும்பாதோர் எத்தனை பேர் என்று எண்ணுவோர் மிகச் சிலரே. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர் பலர் கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்குக் கட்டட வேலைக்குச் சென்றுள்ளனர். அவர்தம் பெற்றோரும் மனைவியரும் மக்களும் நேயர்களுள் உளர். ஆதலின் வெளிநாட்டுக் கட்டுமானத் தலங்களில் நிலவும் பாதுகாப்பு விதிகள் எவை, அவை எவ்வாறு பிறந்தன, அவற்றைக் கடைப்பிடித்தல் ஏன் கடினமாகின்றது என்பன பலருக்கும் பயன்தரும் செய்திகளாம்.

விதிகள் இல்லாத காலத்திலிருந்தே இவ்விடயத்தை ஆராயத் தொடங்கலாம். 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கட்டுமானத் துறையில் கொடிய கணக்கொன்று வழங்கிற்று. பெருவேலைகளில் பத்து இலட்சம் டொலர் செலவாகுந்தோறும் ஓர் உயிர் போகும் என்பதே அக்கணக்கு. சீமெந்துக்கும் இரும்புக்கும் விலை குறித்தவாறே மனித உயிருக்கும் ஓர் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 50 இலட்சம் டொலர் செலவாயிற்று. பழைய கணக்கின்படி அங்கே முப்பத்தைந்து பேர் இறந்திருத்தல் வேண்டும்.

1933ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அப்பாலத்தின் வேலை தொடங்கிற்று. தலைமைப் பொறியியலாளரான ஜோசப் ஸ்ட்ராஸ் என்பவர் அக்கணக்கை ஏற்றுக்கொள்ள மறுத்தார். வேலைத்தலத்தில் நுழையும் ஒவ்வொருவரும் கடினமான தலைக்கவசம் அணிதல் வேண்டும். உயரத்தில் நிற்போர் பாதுகாப்புக் கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்ளல் வேண்டும். வீரங்காட்டும் பொருட்டு இரும்பின்மேல் வித்தை செய்வோர் வேலையினின்று நீக்கப்படுவர் என்று கட்டளைகள் பிறந்தன. சுரங்கத் தொழிலாளர் அணிந்த தொப்பியைத் திருத்தியே அத்தலைக்கவசம் செய்யப்பட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம்மவர் கூறுவர். மேலிருந்து விழும் ஆணியும் கல்லும் தலையைப் பிளவாமல் தொப்பியோடு போகும்படி செய்தல் அக்கட்டளையின் நோக்கமாயிருந்தது.

இவை எல்லாவற்றிலும் புகழ்பெற்றது பாலத்தின் அடியிற் கட்டப்பட்ட வலையாகும். பாலத்தின் தளம் அமையும் இடத்துக்குக் கீழே, அதன் அகலத்துக்கு அப்பாலும் இருபுறமும் பத்தடி நீண்டிருக்குமாறு, வலிய கயிற்று வலை விரிக்கப்பட்டது. அதற்கு 1 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேற் செலவாயிற்று. அக்காலத்தில் அது பெருந்தொகை. எனினும் பத்தொன்பது பேர் அவ்வலையில் விழுந்து உயிர் தப்பினர். அவர்கள் தம்மை நரகத்துக்குப் பாதிவழி சென்று மீண்டோர் சங்கம் என்று வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர். கீழே விழுந்தாலும் வலை தாங்கும் என்ற நம்பிக்கையினால் தொழிலாளரின் கை நடுங்கவில்லை. வேலையும் சீராக நடந்தது.

ஆயினும் அவ்வலை வரலாற்றில் துயரமான ஒரு பகுதியும் உண்டு. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் அங்கே ஒருவரே உயிரிழந்திருந்தார். வேலை முடியும் தறுவாயில், 1937ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள், பாலத்தின் அடியில் தொங்கிய வேலைத்தட்டு ஒன்று பிடிமானம் அறுந்து வலையின்மேல் விழுந்தது. ஒரு மனிதனைத் தாங்குதற்கென முடையப்பட்ட வலை, பல தொன் எடையுள்ள தட்டைத் தாங்க வல்லதன்று. வலை கிழிந்தது. பன்னிருவர் கடலில் வீழ்ந்தனர், பதின்மர் மாண்டனர், இருவரே பிழைத்தனர். ஆக, பதினொருவர் உயிரிழந்த பின் பாலம் திறக்கப்பட்டது. முப்பத்தைந்து எனக் கணக்கிட்ட இடத்தில் பதினொன்று என்பது பெருஞ்சாதனையே. அப்பதினொருவருள் பதின்மர் ஒரே நாளில், ஒரே பிடிமானத்தின் குறையால் இறந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒவ்வொரு பாதுகாப்புப் பொருளுக்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையை அறியாது அதனை நம்புதல் ஆபத்தாகும். தலைக்கவசம் ஆணியைத் தடுக்கும். பாரந்தூக்கியிலிருந்து விழும் இரும்புத் தூணைத் தடுக்காது. ஆகவேதான் தலைக்கவசம் அணிந்தவரும் தொங்கும் பாரத்தின் கீழ் நடத்தலாகாது என்று மற்றொரு விதி வேண்டியிருக்கின்றது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று தமிழ்த் தொழிலாளர் மிகுதியாக வேலை செய்யும் சிங்கப்பூரில் நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிற்பகல், நிக்கல் நெடுஞ்சாலையின் அருகே, நிலத்தடி இரயிற்பாதைக்கென வெட்டப்பட்ட ஏறத்தாழ 30 மீற்றர் ஆழமான அகழி இடிந்தது. இருபுறத்துச் சுவர்களும் உட்சாயாதிருக்க, உருக்குச் சட்டங்கள் குறுக்கே முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. அச்சட்டங்கள் சுவரோடு பொருந்தும் இணைப்புக்கள் தாங்கவேண்டிய பாரத்துக்குப் போதியனவாய் அமைக்கப்படவில்லை. ஓர் இணைப்பு நெளிந்தது, அதன் பாரம் அடுத்ததன்மேற் சென்றது, அதுவும் நெளிந்தது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் குழியுட் சரிந்தது. நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் மேற்பார்வையாளர். தம் கீழ் வேலை செய்தோரை விரைந்து மேலேற்றிவிட்டுத் தாம் ஏறமாட்டாது அகப்பட்டார். அவரது உடல் கிடைக்கவேயில்லை.

அந்த அகழி எச்சரிக்கையின்றி இடியவில்லை. அன்று காலையிலேயே உருக்கு நெளியும் பேரொலி கேட்டது; இணைப்புக்கள் வளைந்திருந்தமை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் முன்னரே, சுவரின் அசைவை அளந்த கருவிகள் குறித்த எல்லை கடந்துவிட்டதென அறிவித்திருந்தன. எல்லை கடந்தபோது வேலையை நிறுத்தி ஆராய்வதற்கு மாறாக, கணக்கைத் திருத்தி எல்லையை உயர்த்தினர். காய்ச்சற்காரனின் உடல் வெப்பத்தைக் குறைக்காது வெப்பமானியின் கோட்டை மாற்றி வரைதல் போன்றதாயிற்று அச்செயல். விசாரணைக் குழு இக்குறைகளை வெளிப்படுத்திற்று. அதே ஆண்டில் சிங்கப்பூரில் வேறு இரு பெரும் விபத்துக்களும் நேர்ந்தமையால் சட்டத்தையே மாற்றும் முயற்சி தொடங்கிற்று.

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் பழைய தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக வேலைத்தலப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் இன்ன கம்பி இன்ன உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பது போன்ற குறிப்புக்களையே பெரிதும் நம்பிற்று. புதிய சட்டம் ஆபத்தை உண்டாக்குபவரே அதனைக் குறைக்கும் கடமையுடையவர் என்று விதித்தது. வேலை தொடங்குமுன் ஆபத்து எங்கேயுளது என்று ஆராய்ந்து எழுதுதல் முதலாளியின் கடமை. கொடுக்கப்பட்ட காவற் பொருள்களை முறைப்படி பயன்படுத்துதல் தொழிலாளியின் கடமை. 2004ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வேலைத்தலங்களில் நேர்ந்த மரணங்கள் இலட்சம் தொழிலாளருக்கு 4.9 என்ற வீதத்தில் இருந்தன. 2023ஆம் ஆண்டில் அவ்வீதம் 0.99 ஆயிற்று. விதியும் கண்காணிப்பும் பயிற்சியும் சேர்ந்தால் உயிர் காக்கப்படும் என்பதற்கு இவ்வெண்களே சான்று.

இனி, விதிகள் சிலவற்றின் காரணத்தை ஆராய்வோம். காரணம் அறியாத விதி சுமையாகத் தோன்றும். காரணம் அறிந்தால் அதுவே துணையாகும்.

முதலாவது, உயரம். 6 மீற்றர் உயரம் என்பது இரண்டு மாடி வீட்டின் கூரையளவே. அங்கிருந்து விழும் மனிதன் ஒரு வினாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நிலத்தை அடைவான். அப்போது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீற்றராகும். எதையேனும் பற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 20 மீற்றர் உயரத்திலிருந்து நழுவும் சிறு திருகாணியொன்று மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீற்றர் வேகத்தோடு கீழே நிற்பவனைத் தாக்கும். ஆகவேதான் சாரத்தின் ஓரத்தில் கைபிடிச் சட்டமும், பொருள்கள் உருண்டு விழாதிருக்க அடிப்பலகையும் வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் 3 மீற்றருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் ஒருவர் வேலை செய்வதாயின், அதற்கு எழுத்து மூலமான அனுமதிப் பத்திரம் வேண்டும். சாரம் சோதிக்கப்பட்டதா, கொளுவும் இடம் உறுதியா என்று பொறுப்பாளர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடும் வரையில் எவரும் மேலேறலாகாது.

பாதுகாப்புப் பட்டியை உடலில் அணிந்தால் மட்டும் போதாது. அதன் கொளுக்கி உறுதியான ஓரிடத்தில் மாட்டப்பட்டிருத்தல் வேண்டும். மாட்டாத பட்டி வெறும் அலங்காரமே. மாட்டும் இடமும் முக்கியம். தலைக்கு மேல் மாட்டினால் விழும் தூரம் குறையும். காலடியில் மாட்டினால், கயிறு இறுகுமுன் உடல் கயிற்றின் நீளத்தைப்போல் இருமடங்கு தூரம் வரை விழும். முதுகெலும்பில் அதிர்ச்சி மிகும். கீழேயுள்ள தட்டில் மோதவும் கூடும். விழுந்து பட்டியில் தொங்குபவனை நெடுநேரம் அவ்வாறே விடலாகாது. தொடையை இறுக்கும் பட்டியினாற் குருதியோட்டம் தடைப்பட்டு அவன் மயங்குவான். ஆதலின் அவனை எவ்வாறு விரைந்து இறக்குவதென்று முன்னரே ஒழுங்கு செய்து வைத்தல் விதியின் ஒரு பகுதியாகும்.

இரண்டாவது, மண். குழியில் இறங்கி வேலை செய்தல் உயரத்தில் ஏறுவதைவிட எளிதென்று பலர் எண்ணுவர். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரைத் தொன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அது ஒரு சிறு மோட்டார் வண்டியின் எடைக்கு ஒப்பாகும். மார்பளவு புதைந்தவன் தலை வெளியே இருந்தும் மூச்சுத் திணறி இறக்கலாம். ஏனெனில், அவன் மூச்சை விடுந்தோறும் சுற்றியுள்ள மண் இறுகிக்கொண்டே வரும். மறுபடி மார்பை விரிக்க இயலாது போகும். அமெரிக்க விதியின்படி 5 அடியும் அதற்கு மேலும் ஆழமான குழிக்கு, அது முற்றிலும் உறுதியான பாறையில் வெட்டப்பட்டதன்றேல், முட்டுக் கொடுத்தலோ, சரிவாக வெட்டுதலோ, காவற் பெட்டி வைத்தலோ வேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலிருந்து இரண்டடிக்குக் குறையாத தூரத்திற் குவித்தல் வேண்டும். மழை பெய்த மறுநாள் குழியை மறுபடி சோதித்தல் வேண்டும். நேற்று நின்ற மண் இன்றும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவது, வெயில். வளைகுடா நாடுகளில் இதுவே கண்ணுக்குத் தெரியாத பகைவன். உடல் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராவிடின் உடல் குளிராது. ஆதலால் வெப்பநிலையை மட்டும் பார்த்தாற் போதாது. வெப்பம், ஈரம், வெயிலின் கடுமை, காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் அளவையொன்று உண்டு. கட்டாரில் 2021ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட ஒழுங்கின்படி, ஜூன் முதலாம் நாள் தொடக்கம் செப்ரெம்பர் 15ஆம் நாள் வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 மணி வரை திறந்த வெளியில் வேலை செய்வித்தலாகாது. அக்காலத்துக்கு வெளியேயும் மேற்கூறிய அளவை 32.1 பாகையைத் தாண்டினால் வேலை நிறுத்தப்படல் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15ஆம் நாளிலிருந்து செப்ரெம்பர் 15ஆம் நாள் வரை நண்பகல் 12.30 மணி தொடக்கம் 3 மணி வரை ஓய்வு உண்டு. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, தள்ளாடும் நடை ஆகியன வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அவ்வாறு ஒருவன் தள்ளாடினால் அவனைச் சோம்பேறி என்று பழித்தலோ, அறைக்கு அனுப்பித் தனியே படுக்கவிடுதலோ பெருந்தவறு. நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறி, வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

இத்துணைத் தெளிவான விதிகள் இருந்தும் அவை ஏன் மீறப்படுகின்றன? தொழிலாளரின் அசட்டையே காரணம் என்று கூறி முடித்துவிடுதல் எளிது. உண்மை அத்துணை எளிதன்று. முகவருக்குக் கொடுத்த பணத்தைக் கடனாகப் பெற்றவன், நகையை அடகு வைத்துப் புறப்பட்டவன், ஒரு நாட் சம்பளத்தையும் இழக்க அஞ்சுவான். சாரம் ஆடுகின்றது என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவரோ என்ற அச்சம் அவன் வாயை அடைக்கும். மேற்பார்வையாளர் ஒரு மொழி பேச, அருகே நிற்பவர் வேறு மொழி பேச, அறிவித்தற் பலகை மூன்றாம் மொழியில் இருக்கும். புரியாவிட்டாலும் புரிந்ததாகத் தலையசைப்பது வழக்கமாகிவிடும். குறித்த நாளில் முடிக்காவிடின் அபராதம் கட்ட வேண்டிய ஒப்பந்தகாரர் விரைவுபடுத்துவார். அவருக்குக் கீழே உபஒப்பந்தகாரர், அவருக்கும் கீழே ஆள் பிடித்துக் கொடுப்பவர் என்று படிகள் நீளுந்தோறும், விதிக்குப் பொறுப்பாளர் யாரென்பது மங்கிவிடும்.

ஆகவே விதியைக் கடைப்பிடித்தல் ஒருவரின் கடமையன்று. அது பலர் சேர்ந்து பிடிக்கும் வடம் போன்றது. தேர் வடத்தை ஒருவர் மட்டும் இழுத்தால் தேர் அசையாது. முதலாளி நல்ல சாரத்துக்குச் செலவிடல் வேண்டும். மேற்பார்வையாளர் காலையில் வேலை தொடங்குமுன் சில நிமிடம் அன்றைய ஆபத்துக்களை விளக்கி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். அரசாங்கம் அறிவியாமல் வந்து சோதித்தல் வேண்டும். தொழிலாளி தனக்குத் தந்ததைப் பயன்படுத்துவதோடு, தரப்படாததைக் கேட்டல் வேண்டும்.

கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டா? உண்டு. சர்வதேச தொழில் தாபனம் 1981ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 155ஆம் இலக்கச் சமவாயம், உயிருக்கு உடனடியான பேராபத்து உண்டென்று நியாயமாக நம்பும் தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகினால், அதற்காக அவன் தண்டிக்கப்படலாகாது என்று கூறுகின்றது. கட்டுமானத் துறைக்கென்றே 1988ஆம் ஆண்டில் 167ஆம் இலக்கச் சமவாயம் இயற்றப்பட்டது. பாதுகாப்பான வேலைத்தலம் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றென 2022ஆம் ஆண்டில் அத்தாபனம் அறிவித்தது. கட்டாரின் 2021ஆம் ஆண்டு ஒழுங்கும், வெப்பத்தினால் தனக்குத் தீங்கு நேருமென்று நியாயமாக எண்ணும் தொழிலாளி வேலையை நிறுத்தலாம் என்கின்றது. ஏட்டில் உள்ள உரிமை சாரத்தின் உச்சிக்கு எட்டுவதற்கு நாளாகும் என்பது மெய்யே. எனினும், உரிமை உண்டென்று அறியாதவன் அதனை ஒருநாளும் கேட்கமாட்டான்.

தனியே ஒருவன் மறுத்தால் அது பிடிவாதமாகத் தோன்றும். குழுவாகச் சென்று பணிவோடும் உறுதியோடும் கூறினால் அது முறைப்பாடாகும். ஆபத்தான இடம் எது, எந்நாள் எவரிடம் கூறப்பட்டது என்று குறித்து வைத்தல் நன்று. காயம் நேர்ந்தால், அது சிறிதாயினும், அன்றே பதிவு செய்வித்தல் வேண்டும். வைத்தியச் சான்றில்லாத காயத்துக்கு நட்டஈடு பெறுதல் கடினம். சிங்கப்பூர்ச் சட்டத்தின்படி, வேலையினால் நேர்ந்த காயத்துக்கு யார் பிழை என்று நிலைநாட்டாமலே தொழிலாளி நட்டஈடு கோரலாம். தன் பிழையே என்று அஞ்சி மறைப்பவன் இவ்வுரிமையை இழக்க நேரும்.

ஊரிலிருக்கும் குடும்பத்தாருக்கும் இதிற் பங்குண்டு. புறப்படுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்படி பதிவு செய்தல் முதற்படி. பதிவின்றிச் செல்பவனுக்கு இடர் நேரும்போது உதவுதல் அரிது. ஒப்பந்தத்திற் குறித்த வேலை எது, சம்பளம் எவ்வளவு, வைத்தியச் செலவு யாருடையது என்று படித்தறிதல் இரண்டாம் படி. அதன் பிரதியொன்றையும் கடவுச்சீட்டின் பிரதியொன்றையும் வீட்டில் வைத்தல் மூன்றாம் படி. அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை அவனிடமும் வீட்டிலும் எழுதி வைத்தல் நான்காம் படி. தொலைபேசியிற் பேசும்போது, பணம் எப்போது அனுப்புவாய் என்ற வினாவோடு மட்டும் நிறுத்தாமல், எத்தனையாம் மாடியில் வேலை, கயிறு மாட்டுகின்றாயா, வெயில் நேரத்தில் ஓய்வு தருகின்றார்களா என்றும் வினவலாம். நாள்தோறும் பணத்தைப் பற்றியே கேட்கப்படுபவன், ஒரு நாட் சம்பளத்தைக் காக்க உயிரைப் பணயம் வைக்கத் துணிவான். உன் உயிரே எங்களுக்கு முதல் என்று மனைவியோ தாயோ சொல்லும் ஒரு சொல், மேற்பார்வையாளர் சொல்லும் பத்துச் சொற்களினும் வலிமை பெறும்.

கோல்டன் கேட் பாலத்தின் வலைக்குச் செலவான தொகை பாலத்தின் முழுச் செலவில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் சற்றுத் தாழ்ந்ததேயாகும். பத்தொன்பது குடும்பங்கள் அதனால் விளக்கிழவாது பிழைத்தன. கட்டுமானத்தின் விலையைக் கணக்கிடுவோர் இச்சிறு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும். அதனைப் பயன்படுத்தும் தொழிலாளர் ஒரு நிமிடம் தாமதித்தேனும் கொளுக்கியை மாட்டிய பின்னரே அடுத்த அடி எடுத்து வைத்தல் வேண்டும். பிறநாட்டில் மாடங்கள் எழுப்பச் சென்றோர், தம் சொந்த மண்ணில் தமக்கென ஒரு சிறு வீடு கட்டும் ஆசையோடு சென்றவரே. அவ்வீட்டின் வாசலில் அவர்கள் தம் கால்களால் நடந்து வந்து ஏறுதற்கு, இவ்விதிகளைக் கடைப்பிடித்தல் இன்றியமையாததாகும்.